மலையிலே ஒரு ஜாகை

கோடைக்கானலுக்குப் போய் வருவது சுலபமான காரியம். ஏரியைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் செய்து, கோக்கர் நடைபாதையில் நின்று மேகத்தைப் பார்த்து, வீட்டுக்குச் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக் கொண்டால் யாத்திரை பூர்த்தியாகி விடும். ஆனால், அந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள மலை நாட்டைப் பார்க்க வேண்டும், அதுவும் சொந்த மோட்டாரில் மனம் போனபடி ஓட்டிக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்களோ, உடனே ஒரு கேள்வி வந்து வழியை மறித்துக் கொண்டு நிற்கும். ஜாகை எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்கு நாங்கள் சென்ற சித்திரையில் ஒரு பதில் கண்டு பிடித்தோம். அது பாதி சரியாகவும் பாதி பிசகாகவும் போயிற்று. சரியான பாதி வாசகர்களுக்கு வழி காட்டும். பிசகான பாதி அதைக் காட்டிலும் நன்றாக வழி காட்டும். ஆகையால் இரண்டையுமே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய மோட்டார் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் ஆகிய மூன்று க்ஷேத்திரங்களைத் தவிர அது வேறெதையும் தரிசித்ததில்லை. "ஐந்து நாள் எங்கேயாவது போவோம். ஆனால் தினம் ஓர் ஊரில் பெட்டியை அவிழ்த்து, மறுநாள் மறுபடி கட்டுவதென்றால் நான் வரவில்லை. அதற்குப் பெயர் விடுமுறை இல்லை, உத்தியோகத்தில் மாற்றலாகிப் போவது" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் யோசனை என்னவென்றால், ஒரே கிராமத்தில் இறங்கி விட வேண்டியது. காலையில் புறப்பட்டு ஒவ்வொரு திசையாகப் போய்விட்டு மாலையில் அங்கேயே திரும்ப வேண்டியது. சக்கரத்துக்குக் குடம் போல அந்தக் கிராமம்; ஆரக்கால்களைப் போல நம்முடைய சவாரிகள்.

என் தாயாருக்கு வயது 72. இழுப்பு உண்டு. கடுங்குளிரில் இராத் தங்க வேண்டாம் என்பது டாக்டரின் உத்தரவு. அம்மா எங்கள் யோசனைகளையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டுக் கடைசியில், "எங்கே வேண்டுமானாலும் தங்கு, அப்பா. பூம்பாறைக் குழந்தை வேலப்பரை மட்டும் நான் பார்த்துவிட வேண்டும். உன் மகள் பிறந்தபோது நானும் உன் தகப்பனாரும் நேர்ந்து கொண்டது. அவர் போயும் ஆறு வருஷம் ஆகிவிட்டது" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் முதலிலேயே முழு மரியாதை கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையே இருந்திராது.

மேல்மலையும் கீழ்மலையும்

பழனி மலை என்றதும் படிக்கட்டும் பஞ்சாமிர்தமும்தான் நமக்கு நினைவு வரும். நான் சொல்வது அந்த ஒற்றைக் குன்றை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கிளை பிரிந்து திண்டுக்கல் சீமைக்குள் நீண்டு வருகிறது. அந்தக் கிளை முழுவதற்கும் பழனி மலை என்று பெயர். மலைவாசிகள் அதை இரண்டாகப் பிரித்து மேல்மலை, கீழ்மலை என்று வழங்குகிறார்கள். இந்தப் பிரிவு வெறும் பேச்சு வழக்கு அல்ல. மேல்மலை ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள பூமி. பூண்டு, உருளைக் கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாம் அங்கே விளைகின்றன. கீழ்மலை மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்தில் உள்ள பூமி. காப்பி, மிளகு, ஏலம், மலை வாழை எல்லாம் இங்கே. குளிர் வேறு, மண் வேறு, வாசனைகூட வேறு.

கோடைக்கானலை வெள்ளைக்காரர்கள் 'கண்டு பிடித்தார்கள்' என்று வழிகாட்டிப் புத்தகங்களில் எழுதியிருக்கும். 1821-ஆம் வருஷத்தில் வார்டு என்ற ராணுவ அதிகாரி மலையை அளந்தார். 1845-இல், மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உறவினரைப் பறி கொடுத்த அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே வந்து இரண்டு வீடுகள் கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். இவையெல்லாம் வாஸ்தவமே. ஆனால் அந்தத் துரைமார்கள் மேலே எப்படி ஏறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? பெரியகுளத்துக்கு அருகே அடிவாரத்திலிருந்து வெள்ளகவி, செண்பகனூர் வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதற்கே கூலிப் பாதை என்று பெயர். நாற்காலியில் துரை உட்கார்ந்திருப்பார். நாற்காலியை நம்மவர் தோள் சுமந்து ஏறும். வத்தலக்குண்டிலிருந்து போகும் மலைச் சாலை 1914-இல்தான் முடிவடைந்து, 1916-இல் பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகே மோட்டார் வந்தது. தோள்களுக்கு ஓய்வு வந்தது.

வார்டு துரை வருவதற்கு முன்னால் மலை காலியாகக் கிடந்ததா என்றால் அதுவும் இல்லை. புறநானூற்றிலே பாடப்பட்ட பேகன் இந்த மலை நாட்டுத் தலைவன்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்த அந்த வள்ளலின் காலத்துக்கும் முந்திய பெருங்கற் சின்னங்கள் இன்றும் தாண்டிக்குடிப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே, பட்டணத்தில் தங்காமல் கிராமத்தில் தங்குவது என்ற எங்கள் தீர்மானத்தில் சிக்கனம் கொஞ்சம், ரோஷமும் கொஞ்சம் கலந்திருந்தது என்று ஒப்புக் கொள்கிறேன்.

ஐந்து பரீக்ஷைகள்

வரைபடத்தை விரித்துப் போட்டுக் கொண்டு, ஜாகைக் கிராமம் தேற வேண்டிய பரீக்ஷைகள் எவை என்று ஒரு ஜாபிதா எழுதினோம். முதலாவது, அந்த ஊரிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று திசைகளில் மோட்டார்ச் சாலை போக வேண்டும். ஒரே சாலையின் கடைசியில் உள்ள ஊர் அழகாயிருக்கலாம். ஆனால் தினமும் போன வழியிலேயே திரும்ப வேண்டும். இரண்டாவது, குளிர் அம்மாவுக்கு ஒத்துக் கொள்ள வேண்டும். மூன்றாவது, அவசரமென்றால் கீழே இறங்கி டாக்டரிடம் போக வழி வேண்டும். நாலாவது, ஊரில் சமைத்த சாப்பாடு கிடைக்க வேண்டும். ஐந்தாவதைச் சொன்னவள் என் பத்து வயது மகள்: "நாம் இல்லாவிட்டாலும் அந்த ஊரில் ஜனங்கள் வேறு வேலை பார்த்துக் கொண்டிருக்க வேண்டும்." அதாவது, வருகிறவர்களுக்காகவே ஏற்பட்ட ஊராக இருக்கக் கூடாதாம். இதுதான் எல்லாவற்றிலும் கடுமையான பரீக்ஷை என்று எனக்குத் தோன்றியது.

பெருமாள்மலையை முதலில் பார்த்தோம். கோடைக்கானலுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் இப்பால் இருக்கிறது. வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடும் இடம். முதல் பரீக்ஷையில் முதல் தரம். ஆனால் மலைக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த முச்சந்தியைக் கடந்துதான் போயாக வேண்டும். அமைதி தேடிக் கொண்டு ரயில்வே ஜங்ஷனுக்குப் போவதுண்டா?

பூம்பாறை, கோடைக்கானலுக்கு மேற்கே 18 கிலோமீட்டர். அதற்கும் அப்பால் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, கிளாவரை என்று சாலை நீள்கிறது. மன்னவனூரில் புல்வெளியும் ஏரியும் உண்டு. மத்திய அரசின் ஆட்டு ரோம ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மேல்மலையின் உண்மையான வாழ்க்கையைப் பார்க்க இவற்றைவிட உத்தமமான ஊர்கள் இல்லை. ஆயினும் மோட்டாருக்கு வழி கோடைக்கானல் ஒன்றுதான். குளிரும் அதிகம். டாக்டர் உத்தரவை நினைத்துக் கொண்டு, "பூம்பாறைக்கு ஒரு நாள் போய்விட்டு வந்துவிடலாம், அம்மா" என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

கீழ்மலையில் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் மிஞ்சின. தாண்டிக்குடிக்கு வத்தலக்குண்டிலிருந்து தடியன்குடிசை, பெரும்பாறை வழியாக ஒரு சாலை. பண்ணைக்காட்டின் வழியாகக் கோடைச் சாலைக்கு ஒரு சாலை. பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரத்துக்கு இறங்க ஒரு சாலை. உயரம் நாலாயிரம் அடிக்கு மேல், இதமான குளிர். ஊர் ஜனங்களுக்குக் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியுமே பிழைப்பு. ஐந்து பரீக்ஷைகளிலும் தேறிவிட்டது. தாண்டிக்குடியிலேயே ஜாகை என்று தீர்மானம் நிறைவேறியது.

வத்தலக்குண்டு

திருச்சியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, திண்டுக்கல் தாண்டி, வத்தலக்குண்டில் காலைப் பலகாரம் செய்தோம். மலையேறுகிறவர்கள் பெட்ரோல் போடவும் பழம் வாங்கவும் மட்டுமே இந்த ஊரில் நிற்கிறார்கள். இது நியாயமல்ல. 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய ராஜமையர் 1872-இல் பிறந்த ஊர் இது. சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்த ஊரும் இதுவே. 'மணிக்கொடி' பி. எஸ். ராமையாவும் இவ்வூர்க்காரர்தான். சிறையில் பற்றிக் கொண்ட தொழுநோயைக் காரணம் காட்டி, சிவா ரயிலில் ஏறக் கூடாது என்று அன்றைய சர்க்கார் தடுத்தார்கள். அந்த மகான் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராய்ப் போய்ச் சுதந்திரத்தைப் பேசினார். மெத்தை தைத்த ஆசனத்தில் சாய்ந்து கொண்டு, "இடுப்பு வலிக்கிறது" என்று சொல்ல எனக்கு அன்று நாக்கு எழவில்லை.

இங்கிருந்து மலைச் சாலை. புதிதாக மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்று விதிகளை மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். இன்னொரு விஷயம்: மலையில் கிலோமீட்டர் என்பது கீழ்நாட்டுக் கிலோமீட்டர் அல்ல. செல்போனில் உள்ள வரைபடம் தூரத்தைச் சொல்லும். மூடுபனியைச் சொல்லாது, எதிரே வரும் வாழைத்தார் லாரியையும் சொல்லாது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக் கொண்டால் மனம் நிம்மதியாயிருக்கும்.

தாண்டிக்குடி

தாண்டிக்குடி என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம் ரஸமானது. முருகன் இந்த மலையிலிருந்து தாண்டிப் பழனிக்குக் குதித்தானாம். 'தாண்டிக் குதி' என்பதே தாண்டிக்குடி ஆயிற்றாம். பாஷா சாஸ்திரிகள் சம்மதிப்பார்களோ மாட்டார்களோ, உச்சியிலுள்ள பாலமுருகன் கோயிலில் நின்று வடக்கே பார்த்தால் குதிக்கக் கூடிய தூரந்தான் என்று நமக்கே பிரமை உண்டாகிறது.

நாங்கள் போயிருந்த சமயம் கோடை மழை ஒன்று பெய்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த மழைக்காகவே காப்பிச் செடிகள் காத்திருக்கும். மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் கிளை தெரியாமல் வெண்மையாகப் பூத்துவிடும். மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று நினைக்கும்படியான மணம்! மேலே நிழலுக்கு மரம், அந்த மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பி, இடையிடையே மலை வாழை. ஒரே நிலத்தில் நாலு அடுக்கு மாளிகை. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இந்த அடுக்குச் சாகுபடிக்குப் பாடம் சொல்கின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுக்கும் விருப்பாட்சி மலை வாழை இந்தச் சரிவுகளின் சொத்து. முடிக்கொத்து நோய் அந்த வாழையைப் பல இடங்களில் அழித்துவிட்டது. மிஞ்சியதைக் குடியானவர்கள் குழந்தையைப் போல் காப்பாற்றி வருகிறார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர் முதல் நாளே ஒரு விஷயத்தைச் சங்கோசமில்லாமல் சொல்லிவிட்டார். "ஐயா, மற்ற எதையும் தாராளமாகக் கேளுங்கள். குளிக்க மட்டும் ஆளுக்கு இரண்டு வாளி. சித்திரையில் ஊற்று மெலிந்துவிடும்." எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. காசு கொடுக்கிறோமே என்ற எண்ணந்தான். அவரோ என்னைத் திண்ணைக்கு அழைத்துப் போய், மலை மடிப்புகளில் கறுப்பாய்த் தெரிந்த சோலைகளைக் காட்டினார். "அந்தக் காடு பஞ்சு மாதிரி. மழையைக் குடித்து வைத்துக் கொண்டு மெதுவாக விடும். காடு குறைந்தால் ஊற்றும் குறையும். உங்கள் ஊரிலும் குறையும்" என்றார்.

அவர் சொன்னது மெய்தான். மஞ்சளாறும் குடகனாறும் சண்முகாநதியும் இந்த மலையில் பிறந்தவையே. புல்லாவெளி அருவியாய் விழும் குடகனாறு, ஆத்தூரில் காமராஜர் நீர்த்தேக்கத்தை நிரப்பித் திண்டுக்கல்லின் தாகத்தைத் தணிக்கிறது. பெரும்பாறைக்கு அருகே அந்த அருவியை ஒரு நாள் தூர நின்று பார்த்தோம். பாறை வழுக்கல், உயிருக்கு ஆபத்து, கிட்டே போகாமலிருப்பதே விவேகம். மேலே நாம் ஒரு வாளி அதிகமாய்க் குளித்தால் கீழே யாரோ ஒருவருடைய குடம் குறைகிறது என்ற ஞானம் அன்றுதான் எனக்கு உதயமாயிற்று. மறுநாள் ஒன்றரை வாளியில் குளித்தேன்.

இன்னொரு நாள் கல்திட்டைகளைப் பார்க்கப் போனோம். பலகைப் பலகையாகக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடி, இறந்தவர்களுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். செண்பகனூரில் இருந்த ஆங்கிளேடு பாதிரியார் இந்தச் சின்னங்களை ஆராய்ந்தார். அவரும் நியூட்டன் பாதிரியாரும் எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-இல் வெளியிட்டது. பிற்காலத்தில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்து மட்பாண்டங்களையும் மணிகளையும் எடுத்தார்கள். "இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள்?" என்று என் மகள் கேட்டாள். "எல்லோரும் சேர்ந்து" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஆராய்ச்சிக்காரர்களாலும் விளக்கம் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

பூம்பாறைப் பிரயாணம்

நாலாம் நாள் பூம்பாறை. தாண்டிக்குடியிலிருந்து கோடைக்கானல் சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து 18. எழுபது கிலோமீட்டருக்குள்தான் என்று அலட்சியமாக எட்டரை மணிக்குப் புறப்பட்டேன். அன்று சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வரும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 2025-ஆம் வருஷக் கோடையில், வார நாட்களில் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். வரம்பு என்று சொல்கிற தொகையே 6,000 என்றால், வரம்பில்லாத காலத்தில் என்ன பாடு என்று யோசியுங்கள்! எங்களிடம் இ-பாஸ் இருந்தது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதிலாக வீட்டுக் கூஜாவில் தண்ணீரும் இருந்தது. இல்லாமற் போனது நேரந்தான். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே வண்டிகள் எறும்புச் சாரை போல நின்றன. ஏரிக்கரையைக் கடக்கும் போதே உச்சிப் பொழுது.

வான ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டிய மேட்டை வேகமாய்க் கடந்து போனோம். 1901 முதல் சூரியனைக் கவனித்து வரும் நிலையம். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். அன்றைக்குச் சூரியன் வேகமாய் மேற்கே சாய்ந்து கொண்டிருந்ததை மட்டும் நானும் கண்டுபிடித்தேன்.

சாலை ஒரு திருப்பத்தில் திரும்பியது. கீழே பூம்பாறை! மலைச் சரிவு முழுவதும் படிக்கட்டு வயல்கள். பச்சையில்தான் எத்தனை விதம்! நடுவிலே கூட்டமாய் வீடுகள், தாய்க் கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் போலக் கோயிலைச் சுற்றி நெருங்கி நின்றன. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கைகூப்பினாள். ஆனால் ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலந்தான் திறப்பார்கள்.

என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. சாயங்காலம் தரிசனம் செய்தால் இருட்டிலே எழுபது கிலோமீட்டர். இப்போதே திரும்பினால் தரிசனம் இல்லை. "அம்மா, நாளைக்கு வேண்டுமானால்..." என்று இழுத்தேன். அம்மா கோபித்துக் கொள்ளவில்லை. "உன் இஷ்டம், அப்பா. வாசல் வரைக்கும் வந்தாகிவிட்டது, இங்கேயே விழுந்து கும்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றாள். அவள் கோபித்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அந்தச் சாந்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. காத்திருப்பது என்று தீர்மானித்தோம்.

காத்திருந்த நேரம் வீண் போகவில்லை. பூண்டு உரித்துக் கொண்டிருந்த பெண்கள் அம்மாவைத் திண்ணைக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் அதிகம், நெடுநாள் கெடாது. கோயிலின் கதையும் அந்தத் திண்ணையிலேதான் கேட்டோம். அருணகிரிநாதர் இங்கே உறங்கியபோது ஒரு ராக்ஷசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை வடிவில் அவர் அருகே இருக்கக் கண்டு, தாயும் பிள்ளையும் என்று எண்ணி அவள் விலகிப் போனாளாம். ராக்ஷசிக்கும் குழந்தை என்றால் இரக்கம் உண்டு என்று காட்டும் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூர்த்தியைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஐதீகம்.

மாலையில் தரிசனம் ஆயிற்று. அம்மா வெகு நேரம் நின்றாள். என்ன வேண்டிக் கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பத்து வருஷப் பாக்கியைத் தீர்த்தவளுக்குப் பேச்சு வராது.

வெளியே வந்தால் மலையைக் காணோம்! மூடுபனி வந்து விழுங்கிவிட்டது. பெரிய விளக்கைப் போட்டேன். வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டது போல் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. விளக்கைத் தணித்துக் கொண்டு ஆமை வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். திடீரென்று பத்தடி தூரத்தில் கரிய பாறை ஒன்று சாலையில் நின்றது. அது தலையைத் திருப்பியது. காட்டு மாடு! இந்த மலையில் அவை சாலைக்கு வருவது சகஜம். பனியில் அவற்றின் மேல் மோதுவதும் சாத்தியம். நான் எஞ்சினை நிறுத்தாமல், ஹாரன் அடிக்காமல், மூச்சு விடாமல் காத்திருந்தேன். அது நிதானமாய்க் கடந்து போயிற்று. பின்னால் அம்மாவுக்கு இழுப்பின் முதல் சத்தம் கேட்டது.

"திருப்புங்கள்" என்றாள் என் மனைவி. திருப்பினேன்.

பகலில் அம்மாவைத் திண்ணைக்கு அழைத்தவர்களின் வீட்டுக் கதவையே தட்டினோம். அடுப்படிக்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கம்பளி, சுடு தண்ணீர், பூண்டு தட்டிப் போட்ட ரசம். அம்மாவின் மருந்து கைப் பையிலேயே இருந்தது, அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். அனல் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூச்சு நிதானப்பட்டது. டாக்டர் பயந்த குளிர் வெளியே இருந்தது. அந்தச் சுவருக்குள் வரவில்லை. காலையில் பணம் கொடுக்கப் போனபோது, "பாட்டிக்குக் கொடுத்த ரசத்துக்கு யாராவது பில் போடுவார்களா?" என்று அந்த வீட்டு அம்மாள் சிரித்தாள். அறைக்கு மட்டும் வெகு நேரம் மன்றாடிய பின் வாங்கிக் கொண்டார்கள். நாங்கள் நாலு கிலோ பூண்டு வாங்கினோம். ஒரு வருஷத்துக்குப் போதும்.

ஆக, எங்கே தங்குவது?

திரும்பி வந்த பிறகு பழைய ஜாபிதாவை எடுத்துத் திருத்தினேன். பழனி மலை ஒரு மலை அல்ல, இரண்டு மலை. ஒரு குடத்தில் இரண்டு சக்கரங்களுக்கு ஆரக்கால் மாட்ட முடியாது. கீழ்மலையைப் பார்க்கப் போகிறவர்கள் தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ தங்கட்டும். பாச்சலூர், பெரும்பாறை, தடியன்குடிசை எல்லாம் அரை நாள் சவாரியில் அடங்கும். மேல்மலையைப் பார்க்கப் போகிறவர்கள் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தங்கட்டும். கோடைக்கானலை வார நாள் காலையில் கடந்துவிட வேண்டும், பிறகு திரும்புகிற வரையில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எந்த ஜாகையானாலும் மாலை ஐந்து மணிக்குள் அதன் வாசலில் வண்டி நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, ஜாபிதாவின் தலைப்பில் ஒரு கேள்வியைப் புதிதாய் எழுதியிருக்கிறேன்: 'இந்தப் பிரயாணம் யாருக்காக?' எங்கள் பிரயாணம் அம்மாவுக்காக. அப்படியிருக்க, அவள் பார்க்க விரும்பிய ஒரே இடத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி ஜாகை போட்டுவிட்டு, ஐந்து பரீக்ஷைகளிலும் தேறிவிட்டது என்று பெருமைப்பட்டுக் கொண்டேன்! அவளுக்குக் குளிராமல் இருக்க, அனல் உள்ள ஒரு வீட்டை முன்பே விசாரித்திருந்தால் போதும்.

இதை அம்மாவிடமே ஒப்புக் கொண்டேன். அவள் பூண்டை முறத்தில் கொட்டிப் பரப்பிக் கொண்டிருந்தாள்.

"அது கிடக்கட்டும். குறிஞ்சி 2018-இல் பூத்ததாமே, மறுபடி 2030-இல்தானாமே? அந்த வீட்டு அம்மாள் சொன்னாள்" என்றாள்.

"ஆமாம், அம்மா. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை."

"அப்படியானால் இப்போதே அவர்களுக்குச் சொல்லி வை. அதே அறைதான் வேண்டும் என்று."